டயல்-அப் மோடம் இணையவில்லையா? முதலில் காதைக் கொடுங்கள்

"மோடம் ஒர்க் ஆகல, வந்து பாருங்க." கடலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துகொண்டிருந்த காலத்தில் எனக்கு வந்த அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும். அந்த அழைப்பே அதே லைனிலிருந்துதான் வந்திருக்கும் என்பதால், லைனில் உயிர் இருக்கிறது என்பது மட்டும் உடனே தெரிந்துவிடும். மற்றபடி அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எது வரைக்கும் வேலை செய்தது, எங்கே நின்றது என்று தெரிந்தால்தான் கை வைக்கலாம்.

டயல்-அப், அதாவது போன் லைனில் எண்ணைப் போட்டு இணையத்துக்குள் போகும் முறை, பழைய கதைதான். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் மூலமாக, இதே டயல்-அப்பில். அமெரிக்காவில் ஏஓஎல் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று மூடிவிட்டது. ஆனால் மோடம் முழுக்க ஒழிந்துவிடவில்லை. ஃபேக்ஸ் மெஷினுக்குள் இருப்பது மோடம். பழைய அலாரம் பெட்டிகள் பலவற்றுக்குள் இருப்பதும் அதுதான். புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் பழைய சாமான்களைக் கிளறி ஒரு மோடத்தை வாங்கி வந்துவிட்டு, இதை எப்படி ஓட வைப்பது என்று கேட்கும் கல்லூரிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இது அவர்களுக்காக.

மோடம் என்ன செய்கிறது?

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. ஏறக்குறைய 300 ஹெர்ட்ஸிலிருந்து 3400 ஹெர்ட்ஸ் வரை உள்ள ஒலியைத்தான் அந்த அமைப்பு கடத்தும். கணினிக்குத் தெரிந்ததோ ஒன்றும் பூஜ்யமும். அந்த ஒன்று, பூஜ்யங்களைக் குரல் போகும் அதே அலைவரிசைக்குள் அடங்குகிற ஒலியாக மாற்றி அனுப்புவதும், வருகிற ஒலியைத் திரும்ப ஒன்று, பூஜ்யமாகப் பிரிப்பதும் மோடத்தின் வேலை. மறுமுனையில், இணையச் சேவை நிறுவனத்தின் இடத்தில், இன்னொரு மோடம் இதையே செய்துகொண்டிருக்கும்.

ஓர் இணைப்பு உருவாக வரிசையாகச் சில காரியங்கள் நடக்க வேண்டும். கணினி மோடத்துக்குக் கட்டளை கொடுக்க வேண்டும். மோடம் லைனைப் பிடித்து டயல் டோன் (போனை எடுத்ததும் வரும் ஒலி) கேட்க வேண்டும். எண்ணைப் போட வேண்டும், மறுமுனை எடுக்க வேண்டும். இரண்டு மோடமும் எந்த வேகத்தில் பேசுவது என்று தங்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். அதற்கப்புறம்தான் பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம். இந்த வரிசை மாறவே மாறாது. எனவே மூன்றாவது படியில் நின்ற ஒரு இணைப்புக்கு, ஐந்தாவது படியில் இருக்கும் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டிருப்பது வெட்டி வேலை. இதைச் செய்யாதவர்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

எந்தப் படியில் நின்றது என்பதைக் கண்டுபிடிக்க மோடத்தின் ஸ்பீக்கரே போதும். ராத்திரி நேரத்தில் வீடே விழித்துக்கொள்கிறது என்று அதை அணைத்து வைத்திருப்பார்கள். பழுது பார்க்கும் வரைக்குமாவது அதைத் திறந்து வையுங்கள். கணினி மோடத்துக்குக் கொடுக்கும் கட்டளையில் எம்0 என்று இருந்தால் சத்தம் வராது. எம்1 என்று மாற்றினால் இணைப்பு அமையும் வரை சத்தம் கேட்கும், பிறகு தானாக நின்றுவிடும்.

கணினிக்கும் மோடத்துக்கும் நடுவே

இது சீக்கிரம் முடிகிற சோதனை. ஹைப்பர்டெர்மினல் போன்ற ஒரு நிரலைத் திறந்து, மோடம் இருக்கும் போர்ட்டைத் தேர்ந்தெடுத்து, ஏ, டி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுங்கள். ஓகே என்று பதில் வந்தால் கணினியும் மோடமும் நன்றாகப் பேசிக்கொள்கின்றன என்று அர்த்தம். 1981-இல் ஹேய்ஸ் நிறுவனம் தன் ஸ்மார்ட்மோடத்தில் கொண்டுவந்த கட்டளை முறை இது; பிற்பாடு வந்த மோடம்களில் பெரும்பாலானவை இதையே பின்பற்றின.

பதிலே வராவிட்டால் கேபிள், போர்ட், டிரைவர் இந்த மூன்றில் ஒன்று. கணினிக்குள் செருகும் மலிவான கார்டுகளில் பலவும் வின்மோடம் வகை. ஒலியைப் பிரிக்கும் வேலையைக் கணினியின் புராசஸர் தலையில் கட்டிவிட்டு, கார்டு சும்மா இருக்கும். விண்டோஸைத் திரும்பப் போட்ட பிறகு மோடம் காணாமல் போனால், சரியான டிரைவர் இல்லாததுதான் காரணம். விளக்குகள் எரிகிற வெளி மோடம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். எது எப்போது எரிகிறது என்று பார்த்தே பாதி விஷயம் தெரிந்துகொள்ளலாம்.

பிழை எண் 633 வந்தால், வேறு ஏதோ நிரல் மோடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் ஃபேக்ஸ் மென்பொருளாக இருக்கும்.

டயல் டோன்

விண்டோஸில் பிழை எண் 680, மோடத்தின் மொழியில் 'நோ டயல்டோன்'. போனை எடுத்துக் காதில் வைத்தால் டோன் கேட்கிறது, மோடம் மட்டும் இல்லை என்கிறது. தொடக்கநிலையில் இருப்பவர்களை அதிகம் குழப்புவது இதுதான்.

முதலில் பின்பக்கம் பாருங்கள். மோடத்தில் ஒரே மாதிரி இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று லைன், இன்னொன்று போன். சுவரிலிருந்து வரும் வயரைப் போன் துளையில் செருகிவிட்டால் மோடம் எதையும் கேட்காது. மேசைக்கு அடியில் தலையை நுழைத்து, இருட்டில், தடவிப் பார்த்துச் செருகும்போது இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

வயர் சரியாக இருந்தும் டோன் இல்லை என்றால், மோடத்துக்கு நம் ஊர் டோன் புரியவில்லை. அமெரிக்காவில் டயல் டோன் என்பது 350, 440 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளின் சேர்க்கை. இந்தியாவில் 400 ஹெர்ட்ஸ் ஒலியை 25 ஹெர்ட்ஸால் அதிரவிட்டது. அதனால்தான் நம் டோனில் ஒரு 'கர்ர்' கேட்கும். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த மோடம், நம் டோனை டோனாகவே மதிக்காமல் போகலாம். அலுவலகங்களில் இருக்கும் இன்டர்காம் பெட்டிகள் இன்னும் மோசம். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு டோன் வைத்திருக்கும்.

இதற்கு மருந்து எக்ஸ்3 என்ற கட்டளை. மோடம் அமைப்புகளில் கூடுதல் கட்டளை எழுதும் பெட்டி ஒன்று இருக்கும்; அதில் இதைச் சேர்த்தால், டோனுக்காகக் காத்திராமல் மோடம் எண்ணைப் போட்டுவிடும். "டோன் வரும் வரை காத்திரு" என்ற தேர்வை எடுத்துவிடுவதும் ஏறக்குறைய இதே பலன்தான். இன்டர்காம் வழியாக வெளி லைன் பிடிக்க 0 போட வேண்டிய இடமாக இருந்தால், 0-க்குப் பின்னால் ஒரு கால்புள்ளி வையுங்கள். கால்புள்ளியைப் பார்த்தால் மோடம் வழக்கமாக 2 விநாடி நிற்கும். அந்த நேரத்துக்குள் வெளி லைன் வந்துவிடும்.

இன்னொரு காரணம், அதே லைனில் வேறு அறையில் மாட்டியிருக்கும் பேரலல் போன். ரிசீவர் சரியாக உட்காராமல் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தால் லைன் முழுக்கப் பிஸி. சும்மா இருக்கும் லைனில் 48 வோல்ட் இருக்கும். யாராவது போனை எடுத்ததும் அது பத்து வோல்ட்டுக்குப் பக்கத்தில் இறங்கிவிடும். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் இதை அளந்தே பார்த்துவிடலாம். ஆனால் ரொசெட்டுக்குள், அதாவது லைன் வந்து சேரும் சுவர்ப் பெட்டிக்குள், ஈரக் கையை விடாதீர்கள். அந்த நேரம் பார்த்து யாராவது அழைத்தால் மணியடிக்க வரும் மின்சாரம் 75 வோல்ட்டை ஒட்டி இருக்கும், சுரீர் என்று இழுக்கும்.

பழைய எக்ஸ்சேஞ்சுகளில் எண்ணை ஒலியாக அனுப்பும் டோன் டயலிங் எடுக்காது, லைனை விட்டு விட்டுத் துண்டித்து எண்ணைச் சொல்லும் பல்ஸ் டயலிங்தான். மோடம் எண்ணைப் போட்ட பிறகும் டயல் டோன் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தால், எக்ஸ்சேஞ்ச் உங்கள் எண்ணைக் காதில் வாங்கவில்லை என்று பொருள். பல்ஸுக்கு மாற்றிப் பாருங்கள்.

மறுமுனை எடுக்கிறதா?

எண் போனதும் மூன்றில் ஒன்று நடக்கும். பிஸி டோன் வரும், மணியடித்துக்கொண்டே இருக்கும், அல்லது யாரோ எடுப்பார்கள். பிஸி என்றால் 676; திரும்பத் திரும்பப் போட வேண்டியதுதான். எடுக்கவில்லை என்றால் 678. ஆனால் இந்த 678-ஐ நம்ப முடியாது. மறுமுனை எடுத்து, வேகம் பேசும் இடத்தில் சிக்கினாலும் கணினி இதே எண்ணைக் காட்டிவிடும். இங்கேதான் ஸ்பீக்கர் கைகொடுக்கிறது.

ஓர் உதாரணம். புதுச்சேரியில் படிக்கும் பையன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு விடுமுறைக்குத் திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு வருகிறான். இங்கே இருக்கும் லைனில் கடலூருக்கான உள்ளூர் எண்ணைப் போடுகிறான். கணினியின் டயலிங் விதிகளில் இன்னமும் புதுச்சேரியின் 0413 இருக்கிறது. தான் புதுச்சேரியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் கணினி, உள்ளூர் எண்ணுக்கு முன்னால் கடலூரின் 04142 சேர்த்து எஸ்டிடி (வெளியூர் அழைப்பு) ஆக்கிவிடுகிறது. அப்பா எஸ்டிடியைப் பூட்டி வைத்திருக்கிறார். மோடம் எண்ணைப் போட்டதும், இந்த வசதி உங்கள் தொலைபேசிக்கு இல்லை என்று ஒரு பெண் குரல் பதிவு ஓடுகிறது. மோடத்துக்கு அது குரல் என்றே தெரியாது. ஏதாவது விசில் வரும் என்று ஒரு நிமிடம் போல அமைதியாகக் காத்திருந்துவிட்டு, 'நோ கேரியர்', அதாவது மறுமுனை மோடத்தின் ஒலி இல்லை, என்று கையை விரித்துவிடும். ஸ்பீக்கர் அணைந்திருந்தால் இந்தப் பையன் நாள் முழுக்க டிரைவரை மாற்றிக்கொண்டிருப்பான். ஸ்பீக்கர் இருந்தால் அந்த அம்மா பேசுவது கேட்கும், விஷயம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

இதையே மோடம் இல்லாமலும் செய்து பார்க்கலாம். சாதாரணப் போனில் அந்த எண்ணைப் போடுங்கள். மறுமுனையில் மோடம் இருந்தால், எடுத்த உடனே நீளமாக ஒரு விசில் வரும். 2100 ஹெர்ட்ஸ். அது வந்துவிட்டால் எண் சரி, எக்ஸ்சேஞ்ச் சரி, அந்தப் பக்கமும் சரி. வராமல் "ஹலோ யாரு?" என்று கேட்டால், நீங்கள் யாரையோ எழுப்பிவிட்டிருக்கிறீர்கள்.

கீச்சும் இரைச்சலும்

இரண்டு மோடமும் கைகுலுக்கும் கட்டம் இது. பலருக்கு ஞாபகம் இருக்கும் சத்தமும் இதுதான். குழப்பமாகக் கேட்டாலும் அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது.

முதலில் அந்த 2100 ஹெர்ட்ஸ் விசில். தொலைபேசி அமைப்பில், நாம் பேசியது நமக்கே எதிரொலிக்காமல் தடுக்கும் கருவிகள் உண்டு. மனிதப் பேச்சுக்கு நல்லது, மோடத்துக்கு இடைஞ்சல். விசில் நடுநடுவே ஒரு வெட்டு வெட்டித் திரும்புவது அவற்றை ஒதுங்கச் சொல்லத்தான். அப்புறம் இரண்டு பக்கமும் தங்களுக்கு எந்த எந்த முறை தெரியும் என்று சொல்லிக்கொள்ளும். பிறகு பல சுருதிகளை ஒரே நேரத்தில் அனுப்பி, எது குறையாமல் வந்து சேர்கிறது, எது தேய்ந்துபோகிறது என்று லைனை அளக்கும். கடைசியில் வரும் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல், அளந்த அளவுக்கு ஏற்ப இரண்டும் தங்களைத் திருத்திக்கொள்ளும் நேரம். அதோடு ஸ்பீக்கர் அடங்கிவிடும்.

விசில் வந்து, கீச்சு வந்து, இரைச்சலும் வந்து, திடீரென்று திரும்ப முதலிலிருந்து கீச்சு தொடங்கினால், லைன் சரியில்லை. ஒத்துக்கொண்ட வேகம் தாங்காமல் மறுபடி பேசிப் பார்க்கின்றன. இரண்டு மூன்று தடவை இப்படி நடந்து அறுந்துபோகும். இங்கே மோடத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை, கடவுச்சொல்லுக்கும் இதில் சம்பந்தமில்லை.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியின் மேல் 56கே, அதாவது விநாடிக்கு 56,000 பிட், என்று போட்டிருக்கும். 56 யாருக்கும் வராது. எக்ஸ்சேஞ்சுக்குள் உங்கள் குரல் விநாடிக்கு 8000 தடவை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 8 பிட்டாகிறது. மொத்தம் 64,000. அதில் ஒரு பிட் இரைச்சலில் நம்பகமில்லாமல் போவதால் மிச்சம் 56,000. நடைமுறையில் அதற்கும் கீழே. 1998-இல் வந்த வி.90 முறையில் இந்த வேகமும் ஒரு நிபந்தனையோடுதான் கிடைக்கும். சேவை நிறுவனத்திலிருந்து உங்கள் எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் எல்லாம் டிஜிட்டலாக இருந்து, உங்கள் வீட்டுக்கு வரும் கடைசித் தாமிரக் கம்பி மட்டும் அனலாக்காக இருக்க வேண்டும். நடுவில் இன்னொரு அனலாக் துண்டு வந்தால் 33,600-தான் உச்சம். அனுப்பும் வேகமும் வி.90-இல் 33,600-ஐத் தாண்டாது. 45,333 என்றும் 49,333 என்றும் வினோதமான எண்கள் திரையில் வருவதற்குக் காரணம், வி.90-இன் ஒவ்வொரு படியும் 8000-இல் ஆறில் ஒரு பங்கு, அதாவது 1333 சொச்சம்.

இணைந்த உடனே 115,200 என்று காட்டினால் மகிழ வேண்டாம். அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையே உள்ள வயரின் வேகம். ஊரெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டவர்கள் உண்டு.

லைனில் என்ன கோளாறு?

நம் கடற்கரை ஊர்களில் மோடத் தகராறு என்றால், கடைசியில் வந்து நிற்பது பெரும்பாலும் இங்கேதான். லைனைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. போனை எடுங்கள். ஏதாவது ஒரே ஒரு இலக்கத்தை மட்டும் அழுத்துங்கள். டயல் டோன் நின்று, சில விநாடிகள் லைன் நிசப்தமாக இருக்கும். அப்போது மூச்சுக்கூட விடாமல் கேளுங்கள். எதுவும் கேட்கவில்லை என்றால் நல்ல லைன். கரகரவென்று பொரிந்தால் எங்கேயோ இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது துருப்பிடித்திருக்கிறது. 'ம்ம்ம்' என்ற ரீங்காரம் கேட்டால் கம்பி எங்கோ தரையில் கசிகிறது, அல்லது மின்கம்பியை ஒட்டி ஓடுகிறது. வேறு யாரோ பேசுவது மெல்லியதாகக் கேட்டால் நிலத்தடி கேபிளுக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம்.

தேவனாம்பட்டினம் பக்கம் கடலைப் பார்த்த ஒரு வீட்டில், ரொசெட் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். நான்கு திருகுகளில் இரண்டில் மட்டும் வயர் சுற்றியிருந்தது. இரண்டின் தலையிலும் பச்சை நிறத்தில் பொருக்கு. வயரை விரலால் லேசாகத் தொட்டாலே போனில் 'டர்ர்' என்றது. அந்த வீட்டில் ஆடி மாதம் நன்றாக ஓடிய மோடம் ஐப்பசி பிறந்ததும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அறுந்துகொண்டிருந்தது. உப்புக் காற்றில் அரித்த செம்பு, வெயில் காலத்தில் எப்படியோ ஒப்பேற்றும். வடகிழக்குப் பருவமழையின் ஈரம் பட்டதும் காட்டிக்கொடுத்துவிடும். வயரின் முனையை ஒரு அங்குலம் வெட்டிவிட்டு, உள்ளே பளபளப்பாக இருந்த செம்பை எடுத்து, திருகைச் சுரண்டித் திரும்பச் சுற்றியதும் பொரியல் சத்தம் போய்விட்டது. இதற்காகப் புது மோடம் வாங்க அந்த வீட்டில் பணம் எடுத்து வைத்திருந்தார்கள்.

வீட்டுக்குள் இருக்கும் கோளாறா, வெளியே இருக்கிறதா என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம். லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் இடத்தில், உள்ளே ஓடும் பேரலல் வயர்களையெல்லாம் கழற்றிவிட்டு, ஒரே ஒரு போனை மாட்டிக் கேளுங்கள். சத்தம் போய்விட்டால் குற்றம் உங்கள் வீட்டு வயரில். ஜன்னல் இடுக்கில் நசுங்கிய வயர், எறும்பு கூடு கட்டிய பெட்டி, இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு, இப்படி ஏதாவது இருக்கும். சத்தம் அப்படியே இருந்தால் வெளியே. கம்பத்திலிருந்து வரும் டிராப் வயரைத் தென்னை மட்டை உரசிக்கொண்டிருக்கலாம், கம்பத்து டிபி பெட்டியில் தண்ணீர் நிற்கலாம், தெருவோரப் பில்லர் பெட்டியில் லைன்களை இணைக்கும் ஜம்பர் வயர் அரித்திருக்கலாம். அது லைன்மேன் வேலை.

லைன்மேனிடம் "நெட் வரலைண்ணே" என்றால் அவர் போனை எடுத்துப் பார்ப்பார், டோன் இருக்கும், "லைன் நல்லாத்தான் இருக்கு தம்பி" என்று போய்விடுவார். அவர் சொல்வதும் பொய்யில்லை. பேச்சுக்கு அந்த லைன் போதும், மோடத்துக்குப் போதாது. "அண்ணே, ஒரு நம்பர் அமுக்கிட்டுக் கேளுங்க, கரகரன்னு வருது, ரொசெட்ல நேரா மாட்டிப் பார்த்துட்டேன், வெளியிலதான்" என்று சொல்லிப் பாருங்கள். ஏணி உடனே வந்துவிடும்.

வெளிக் கோளாறு சரியாகும் வரைக்கும் ஒரு வழி இருக்கிறது: மோடத்தின் உச்ச வேகத்தை நீங்களாகவே குறைத்து வைப்பது. துறைமுகத்து மீன் ஏலத்துக்கு நடுவே நின்று பேசுகிறவர் நிறுத்தி நிதானமாகப் பேசுவதைப் போலத்தான். மோடம்களுக்குள் வி.42 என்ற பிழை திருத்தும் முறை இருக்கிறது. இரைச்சலில் சிதைந்த துண்டைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதனால் 45,333-இல் இணைந்து பாதியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும் மோடத்தைவிட, 28,800-இல் தடங்கலில்லாமல் ஓடும் மோடம் பக்கத்தைச் சீக்கிரம் கொண்டுவரும். புதிதாகக் கற்பவர்கள் இதை ஏற்றுக்கொள்ளவே மாட்டார்கள். எண் பெரிதாக இருந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி.

வேகத்தைவிட அறாமல் நிற்பது எவ்வளவு பெரிது என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடு மையம். டயல்-அப் தொலைபேசியும் விஎச்எஃப் ரேடியோவும் கலந்த வலைப்பின்னல். அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து வங்கக் கடலின் அலை உயர முன்கணிப்பை எடுத்து, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவித்தார்கள். அலை எத்தனை அடி என்று சொல்லும் ஒரு சின்னத் தகவலுக்கு 56கே எதற்கு? படகு கிளம்புவதற்கு முன்னால் அது வந்து சேர வேண்டும், அவ்வளவுதான்.

இணைந்த பிறகு வரும் தொல்லைகள்

கீச்சு அடங்கி, 'பயனர் பெயர் சரிபார்க்கப்படுகிறது' என்று திரையில் வந்துவிட்டால், கம்பி சம்பந்தப்பட்டதெல்லாம் தாண்டியாயிற்று. 691 வந்தால் கடவுச்சொல் தப்பு, கேப்ஸ் லாக் விழுந்திருக்கிறது, அல்லது வாங்கிய மணிக்கணக்கு தீர்ந்துவிட்டது. 720 வந்தால் விண்டோஸில் இணையத்தோடு பேச உதவும் டிசிபி/ஐபி அமைப்பு கெட்டிருக்கிறது. எல்லாம் சரியாக இணைந்தும் எந்தப் பக்கமும் திறக்காவிட்டால், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் கணினியின் முகவரியைப் பாருங்கள். கையால் எதையாவது எழுதி வைத்திருந்தால் அழித்துவிட்டு, சேவை நிறுவனமே கொடுக்கும்படி விடுங்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டென்று அறுந்தால், வீட்டில் யாரோ பேரலல் போனை எடுத்திருப்பார்கள். யாரும் எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தால் கால் வெயிட்டிங் இருக்கிறதா என்று கேளுங்கள். வேறு யாரோ அழைத்தால் லைனில் விழும் அந்தப் பீப் ஒலியை, மறுமுனை போய்விட்டதாக மோடம் எடுத்துக்கொள்ளும். அந்த வசதியை நிறுத்திவிடுவது நல்லது. நிறுத்த மனமில்லாதவர்கள் எஸ்10=50 என்ற கட்டளையைச் சேர்க்கலாம். கேரியர் போன பிறகும் 5 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு மோடம் லைனை விடும். வழக்கமாக அது காத்திருப்பது 1.4 விநாடி மட்டும்.

மழைக்காலத்தில் இன்னொன்று. இடி இடித்த மறுநாள், ஏ டி தட்டினால் ஓகே வருகிறது, போனில் டோன் இருக்கிறது, எக்ஸ்3 போட்டாலும் எண் போகவில்லை என்றால், லைன் பக்கத்து உறுப்புகள் மின்னலில் வெந்துவிட்டன. கணினி பக்கத்துப் பாதி உயிரோடு இருப்பதால்தான் ஓகே வருகிறது. இதைச் சரி செய்யப் போராட வேண்டாம், மாற்றிவிடுங்கள். கரன்ட் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் டெலிபோன் வயரை மறந்துவிடுவார்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும்.

ஃபைபர் வீட்டில் பழைய மோடம்

இப்போது வீடுகளில் தாமிரக் கம்பி போய் ஃபைபர் வந்துவிட்டது. ஃபைபர் பெட்டியின் பின்னால் போன் மாட்ட ஒரு துளை இருக்கும், டயல் டோனும் வரும். அதில் பழைய மோடத்தையோ ஃபேக்ஸையோ மாட்டினால், எண் போகும், விசில் வரும், கீச்சு தொடங்கும், அதோடு திணறும். காரணம், அந்தப் பெட்டி உங்கள் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி இணையப் பொட்டலங்களாக அனுப்புகிறது. ஒரு பொட்டலம் தாமதமானால் பேசும் மனிதருக்கு அது தெரியவே தெரியாது. மோடத்துக்கோ அந்த ஒரு நொடித் துணுக்கு பெரிய ஓட்டை. போதாததற்கு ஜி.729 போன்ற சுருக்கும் முறைகள் மனிதக் குரலுக்கென்றே அமைந்தவை. மோடத்தின் ஒலியைச் சின்னாபின்னமாக்கிவிடும். சுருக்காத ஜி.711 முறையில் ஓடும் இணைப்பில், வேகத்தை 9600-க்கு அல்லது 14,400-க்கு இறக்கி வைத்தால் தாக்குப்பிடிக்க வாய்ப்பு இருக்கிறது. ஃபேக்ஸ் மெஷினில் வேகத்தைக் குறைக்கவும், பிழை திருத்தும் முறையை நிறுத்தவும் அமைப்பு இருக்கும். இரண்டையும் முயன்று பாருங்கள்.

சண்டே மார்க்கெட்டில் மோடம் வாங்கியவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. இரண்டு மோடம்களை வாங்கி, இரண்டின் லைன் துளைகளையும் ஒரே டெலிபோன் வயரால் நேராக இணையுங்கள். எக்ஸ்சேஞ்சே வேண்டாம். ஒரு கணினியில் எக்ஸ்3 கொடுத்து, எண் எதுவும் இல்லாமல் டயல் செய்யச் சொல்லுங்கள். மற்றதில் ஏ டி ஏ என்று தட்டி எடுக்கச் சொல்லுங்கள். பல மோடம்கள் இப்படியே பேசத் தொடங்கிவிடும். லைனில் மின்சாரம் இல்லாமல் அசையாத மோடமாக இருந்தால், இரண்டு கம்பிகளில் ஒன்றை நடுவில் வெட்டி, ஒரு 9 வோல்ட் பேட்டரியையும் சில நூறு ஓம் மின்தடையையும் வரிசையில் சேர்த்துவிடுங்கள். இரண்டு பக்கமும் அனலாக் என்பதால் 33,600-க்கு மேல் வராது. அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.